நவம்பர் பத்து, வெள்ளிக்கிழமை

ஜோகுபாளையம்,
5 ஆகஸ்ட் 2025

பெர்னதெத் அவர்களுக்கு,

நான் சுந்தரமூர்த்தியின் மனைவி மங்களம். நாம் இரண்டு முறை பார்த்திருக்கிறோம். என் மகன் அருணின் காதுகுத்துக்கு ஆபீஸ்காரர்களோடு வந்து ஒரு வெள்ளி டம்ளர் கொடுத்தீர்கள். பிறகு தொண்ணூற்று மூன்றில் நீங்கள் மங்களூருக்கு மாற்றலாகிப் போனபோது வழியனுப்பு விழாவில் பார்த்தேன். நீலப் புடவை கட்டியிருந்தீர்கள். அன்று நீங்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

உங்கள் விலாசம் கிறிஸ்துமஸ் கார்டிலிருந்து கிடைத்தது. காது கேட்பதில்லை, போனில் பேச முடிவதில்லை என்று போன வருடக் கார்டில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது வசதிதான். போனில் என்றால் நான் அழுதுவிடுவேன். ஜோகுபாளையத்துக்கும் லிங்கராஜபுரத்துக்கும் ஒரு ஆட்டோ தூரம், நேரில் வரலாம். வர மனமில்லை. இந்தக் கடிதத்தைப் பற்றி இவருக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஏரியா மூத்த குடிமக்கள் சங்கத்தில் ஒரு கூட்டம். ‘என் வாழ்நாளில் நான் கண்ட உலக நிகழ்ச்சிகள்’ என்று ஒவ்வொருவரும் பதினைந்து நிமிடம் பேச வேண்டும். இவர் செய்தி நிறுவனத்தில் டெலிபிரிண்டர் அறையில் இருந்தவர் என்பதால் கடைசியில் பேசவைத்தார்கள். நாற்பது நிமிடம் பேசினார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

போபால் விஷவாயு. “பெர்னிதான் முதல் வரியைப் பார்த்தா.” செர்னோபில். “அது எந்த ஊருன்னு பெர்னி அட்லஸ்ல தேடினா.” பெர்லின் சுவர். வளைகுடாப் போர். சோவியத் உடைந்தது. எங்கு பார்த்தாலும் பெர்னி. நீங்கள் போன பிறகு நடந்ததையும் விடவில்லை. அமெரிக்காவில் அந்த இரண்டு கட்டடங்கள் விழுந்ததைப் பற்றிப் பேசும்போது, “அன்னைக்குப் பெர்னி பக்கத்துல இருந்திருந்தா எழுந்தே நின்னிருப்பா” என்றார். அன்று அவர் பக்கத்தில் இருந்தது நான். அரிசி களைந்த ஈரக் கையோடு டிவி முன்னால் நின்றிருந்தேன். கொரோனாவில் பதினோரு நாள் அவருக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். நான் ஆஸ்பத்திரி வாசலில் காரில் உட்கார்ந்திருந்தேன். பேச்சில் கொரோனாவுக்கு இரண்டே வரி. அதில் நான் இல்லை.

ஆறு இடத்தில் உங்கள் பெயர் வந்தது. என் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. நாற்பத்தைந்து வருடமாக என்னை “இந்தாம்மா” என்றுதான் கூப்பிடுகிறார். உங்களுக்கு ஒரு செல்லப் பெயர் இருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் பின்வரிசை அம்மா ஒருத்தி, “பெர்னி யாருங்க, உங்க நாத்தனாரா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நேராகவே கேட்கிறேன். நீங்கள் இவருக்கு யார்?

மங்களம்


லிங்கராஜபுரம்,
11 ஆகஸ்ட் 2025

மங்களம் அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. திங்கள்கிழமை பதில் எழுதுகிறேன். நடுவில் ஞாயிறு பூசைக்குப் போய் வந்தேன். கோபமாகப் பதில் எழுதக் கூடாது என்று அங்கே வேண்டிக்கொண்டேன்.

கேட்டதற்குப் பதில்: மூர்த்தி சாருக்கு நான் பக்கத்து நாற்காலி. பதினோரு வருடம். அவ்வளவுதான். என்னைப் பெர்னி என்று ஆபீஸில் எல்லாரும் கூப்பிட்டார்கள், பியூன் சாமிநாதன்கூட. ஒரு தவறான பேச்சு எங்களுக்குள் நடந்ததில்லை. அவருக்கு அப்படி ஒரு நினைப்பு வந்ததே இல்லை. இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியமாகச் சொல்வேன்.

உலகத்தில் எது நடந்தாலும் அந்த டெலிபிரிண்டர் மிஷினில்தான் முதலில் அடிக்கும். பெரிய செய்தி என்றால் மணி அடிக்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து படிப்போம். ஊரில் வேறு யாருக்கும் அப்போது தெரிந்திருக்காது. அந்த ஐந்து நிமிடம் மனிதரை ஒட்டவைத்துவிடும். அவர் பேச்சில் நான் வருகிறேன் என்றால் காரணம் அந்த மிஷின்தான்.

நீங்கள் பொறாமைப்படுகிறீர்கள். அது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது, மன்னியுங்கள். தினமும் பன்னிரண்டரை மணிக்கு அவர் டப்பாவைத் திறப்பார். “மங்களம் இன்னைக்கு வத்தக்குழம்பு வெச்சிருக்கா.” “மங்களத்துக்குக் கை வலி, இன்னைக்குத் தயிர்சாதம்தான்.” உங்களை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார் என்று எனக்குத் தெரியாது. ஆபீஸில் தினமும் ஒரு தடவையாவது உங்கள் பெயர் வரும். செர்னோபில் செய்தி வந்த அன்று உங்கள் எலுமிச்சைச் சாதத்தில் உப்பு இல்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் முழுவதையும் சாப்பிட்டார். நான் என் ஊறுகாயைக் கொடுத்தேன், வேண்டாம் என்றார்.

எனக்குத் திருமணம் ஆகவில்லை. அண்ணன் மகள் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறேன். எழுபது வயதாகிறது. என்னைப் பார்த்து நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை.

அன்புடன்,
பெர்னதெத்


ஜோகுபாளையம்,
16 ஆகஸ்ட் 2025

பெர்னதெத் அவர்களுக்கு,

“அவருக்கு அப்படி ஒரு நினைப்பு வந்ததே இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு வந்ததா இல்லையா என்று எழுதவில்லை. அதை நான் கவனித்தேன்.

அது இருக்கட்டும். நான் கடிதம் எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் வேறு. முதல் கடிதத்தில் அதை எழுதக் கை வரவில்லை.

பெர்லின் சுவர் உடைந்த செய்தியைப் பற்றி அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். “நவம்பர் பத்து, வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து மிஷின் நிக்கவே இல்லை. சாயங்காலம் நாலு மணி வரைக்கும் நானும் பெர்னியும் சீட்ட விட்டு எழுந்திருக்கலை. எங்கிட்ட டப்பா இல்லை. அவ சப்பாத்தியில பாதி எனக்குக் குடுத்தா. என் வாழ்நாள்ல அப்படி ஒரு நாள் வராது.” சங்கத்தில் எல்லாரும் கைதட்டினார்கள்.

அவரிடம் டப்பா ஏன் இல்லை தெரியுமா? அன்று காலையிலிருந்து எனக்கு இடுப்பு வலி, சமைக்கவில்லை. ஏழாம் மாதம். சூட்டு வலி என்று நினைத்து நான்தான் அவரை ஆபீஸுக்குப் போகச் சொன்னேன். பத்து மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. பக்கத்து வீட்டு நாகேஷும் அவர் மனைவியும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பன்னிரண்டு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாகேஷ் வெளியே பூத்துக்குப் போய் ஆபீஸுக்குப் போன் பண்ணிவிட்டு வந்து, “சொல்லியாச்சு, வந்துடுவார்” என்றார். குழந்தை மூன்றரை மணி வரை இருந்தது. இவர் வந்தது ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது. குழந்தையைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள்.

“இப்பத்தான் சொன்னாங்கம்மா, இப்பத்தான் தெரிஞ்சுது” என்றார். நான் நம்பவில்லை. நாகேஷ் பன்னிரண்டு மணிக்கே சொல்லிவிட்டார். இவர் வேலையை விட்டு எழ மனமில்லாமல் உட்கார்ந்திருந்து, பிறகு பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நவம்பர் பத்திலும் நான் அவரிடம் பேசுவதில்லை. ஏன் என்று அவரும் கேட்டதில்லை.

இப்போது சபையில் நின்று அதே நாளை, வாழ்நாளின் சிறந்த நாள் மாதிரி சொல்கிறார். உங்கள் சப்பாத்தியைச் சொல்கிறார். குழந்தையைச் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஆபீஸுக்குப் போன் வந்ததா? வந்தது அவருக்குத் தெரியுமா? பக்கத்து நாற்காலிக்குத் தெரிந்திருக்குமே.

மங்களம்


லிங்கராஜபுரம்,
25 ஆகஸ்ட் 2025

மங்களம் அம்மாவுக்கு,

குழந்தையைப் பற்றிப் படித்தேன். ஆண்டவர் உங்களுக்கு ஆறுதல் தரட்டும்.

நீங்கள் கேட்டது முப்பத்தாறு வருடத்துக்கு முந்தைய விஷயம். ஆபீஸில் ஒரு நாளைக்கு ஐம்பது போன் வரும். யார் எடுத்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எனக்கு இப்போது நினைவில்லை. வயதாகிவிட்டது. மூர்த்தி சார் பொய் சொல்கிற ஆள் இல்லை. அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது. இனி அடிக்கடி எழுத முடியாது.

பெர்னதெத்


ஜோகுபாளையம்,
1 செப்டம்பர் 2025

பெர்னதெத் அவர்களுக்கு,

செர்னோபில் செய்தி வந்த அன்று என் எலுமிச்சைச் சாதத்தில் உப்பு இல்லை என்பது நினைவிருக்கிறது. அது எண்பத்தாறு. எண்பத்தொன்பதில் என் குழந்தை பிறந்த அன்று வந்த போன் நினைவில்லை.

நாகேஷ் இப்போது இல்லை, கொரோனாவில் போய்விட்டார். அவர் மனைவி மகா இருக்கிறாள், அதே பக்கத்து வீடுதான். நேற்று அவளிடம் கேட்டேன். “ஒரு பொம்பளை எடுத்தாங்க, நல்லாப் பேசினாங்க, உடனே அனுப்பறேன்னாங்கன்னு அவர் சொன்னார் அக்கா” என்றாள். அந்த அறையில் எத்தனை பெண்கள் இருந்தீர்கள்?

பதில் எழுதுங்கள். இல்லையென்றால் இந்தக் கடிதங்கள் எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்துவிட்டு அவரையே கேட்கச் சொல்வேன்.

மங்களம்


லிங்கராஜபுரம்,
19 செப்டம்பர் 2025

மங்களம் அம்மாவுக்கு,

நான் ஒருத்திதான்.

போனை எடுத்தது நான். மணி பன்னிரண்டு பத்து. போன் என் பக்கத்து மேஜையில் இருந்தது. “சுந்தரமூர்த்தி சார்கிட்ட சொல்லுங்க. அவங்க வீட்டம்மாவ ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம், பொண்ணு பொறந்திருக்கு, குழந்தைக்கு மூச்சு சரியில்லை, உடனே வரணும்.” ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறேன். செய்தி வாங்குவதுதான் என் தொழில். எனக்குச் சரியாகக் கேட்டது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். சுவரின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த பையன்களைப் பற்றி ஒரு பத்தி வந்திருந்தது. மூர்த்தி சார் அதை எனக்காக உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். அவர் முகம் அன்று எப்படி இருந்தது என்று எழுத எனக்கு உரிமையில்லை. “பெர்னி, கேளு, கேளு” என்றார். இந்தப் பத்தி முடியட்டும் என்று நினைத்தேன். ஐந்து நிமிடம்தானே என்று நினைத்தேன். அடுத்த பத்தி வந்தது.

உங்களுக்கு உண்மை வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன். அன்று அவரிடம் உங்கள் டப்பா இல்லை. பதினோரு வருடத்தில் பன்னிரண்டரை மணிக்கு உங்கள் பெயர் வராத ஒரு நாள். என் சப்பாத்தியைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். இப்போது சொன்னால் எழுந்து ஓடிவிடுவார். எப்போதும் உங்களிடம்தான் ஓடுவார். இந்த ஒரு நாள் எனக்கு இருக்கட்டும் என்று தோன்றியது. உங்கள் மேல் எனக்கு இருந்த பொறாமை அவ்வளவு. குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு மணி ஆனதும் பயம் வந்தது. இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? இரண்டு மணிக்கு அந்தப் பயம் இரண்டு மடங்கு. நாலு மணிக்கு வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, “இப்பத்தான் போன் வந்துச்சு சார்” என்றேன். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். செருப்பைக்கூட சரியாகப் போடவில்லை. அவர் உங்களிடம் சொன்னது பொய்யில்லை. பொய் என்னுடையது.

மறு வாரம் அவர் வேலைக்கு வந்தபோது, “ரெண்டு மணி நேரம் முன்னாடி போன் வந்திருந்தா உயிரோட பாத்திருப்பேன் பெர்னி” என்றார். அதற்குப் பிறகும் நாலு வருடம் அதே நாற்காலியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு முடியவில்லை. மங்களூருக்கு நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் இந்தப் பாவத்தைச் சொன்னேன். சாமியார் செபம் சொல்லச் சொன்னார், சொன்னேன். ஒன்றும் குறையவில்லை. மூர்த்தி சாரும் நீங்களும் மன்னிக்காத பாவத்தைச் சாமியார் எப்படி மன்னிப்பார்?

நீங்கள் மூர்த்தி சாரிடம் சொல்லிவிடுங்கள். நான் தடுக்க மாட்டேன். அவர் வந்து என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன். காது கேட்காவிட்டாலும் முகத்தைப் பார்த்தால் எனக்குப் புரியும்.

பெர்னதெத்


ஜோகுபாளையம்,
14 நவம்பர் 2025

பெர்னதெத் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. முதல் வாரம் முழுக்க ஆட்டோ பிடித்து லிங்கராஜபுரம் வந்து உங்கள் வீட்டு வாசலில் நின்று கத்த வேண்டும் என்று இருந்தது. ஒரு நாள் கிளம்பியும் விட்டேன். ஹலசூர் ஏரி வரை வந்து ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். உங்களுக்குக் காது கேட்காது என்பது அங்கே வந்தபிறகுதான் உறைத்தது.

உங்களை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்க முயற்சியும் செய்யவில்லை.

“மூர்த்தி சாரிடம் சொல்லிவிடுங்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் பல தடவை படித்தேன். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவர் உங்களைத் தேடி வருவார். கோபத்தோடுதான் வருவார். ஆனால் வருவார். உங்கள் முன்னால் உட்காருவார், ஒரு மணி நேரம் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார். கடைசியில் அவரே அழுவார், நீங்களும் அழுவீர்கள். அவருடைய மிச்ச நாள் முழுக்க அதே நினைப்பாக இருக்கும். அதை உங்களுக்குத் தர நான் தயாராக இல்லை. ஆகையால் சொல்லப்போவதில்லை.

சங்கத்தில் அவர் பேச்சைச் சின்னப் புத்தகமாகப் போடுகிறார்கள். உங்கள் பெயர் ஆறு இடத்திலும் அப்படியே இருக்கும். எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார்.

ஆனால் அவருக்கு நான் பட்ட கடன் ஒன்று இருக்கிறது. முப்பத்தாறு வருடம் அவரைப் பொய்யர் என்று நினைத்திருக்கிறேன். வாயால் சொன்னதில்லை, அதைவிட மோசமாக நடந்துகொண்டேன். இந்தத் திங்கள்கிழமை நவம்பர் பத்து. வழக்கம்போல் அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு ஹாலில் ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டார், நான் பேச மாட்டேன் என்று தெரிந்து. மத்தியானம் சாப்பாடு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

“அன்னைக்கு நீங்க இப்பத்தான் தெரிஞ்சுதுன்னு சொன்னீங்களே, அது நிஜம். எனக்குத் தெரியும்” என்றேன்.

அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. “யார் சொன்னா?” என்றார்.

“யாரும் சொல்லலை. நானா யோசிச்சேன். உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா நீங்க வராம இருந்திருக்க மாட்டீங்க.”

தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, “சங்கத்துல அந்த நாளப் பத்தி எதுக்குப் பேசினேன் தெரியுமா?” என்று ஆரம்பித்தார். சாயங்காலம் காபி வரைக்கும் பேசினார். இத்தனை வருடத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எதிரில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அவர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆசையாக இருக்கும். நீங்கள் எழுதியதைப் படித்தவள் நான், எனக்குத் தெரியும். அதில் ஒரு வார்த்தைகூட உங்களுக்கு எழுதப்போவதில்லை.

நான் அவரிடம் சொன்ன ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன். இதை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இரண்டு மணி இருக்கும். ஆயா குழந்தையை என் பக்கத்தில் காட்டி, “கண்ணு பிட்டிதெ நோடி” என்று கன்னடத்தில் சொன்னாள். கண் திறந்திருந்தது. யாரையோ தேடுகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னதிலும் ஒன்றே ஒன்றை எழுதிவிடுகிறேன். குழந்தையை எங்கே புதைத்தது என்று நான் அதுவரை கேட்டதில்லை, இந்தத் திங்கள்கிழமைதான் கேட்டேன். கல்பள்ளி இடுகாட்டில் மேற்குச் சுவரோரம், ஒரு புங்கமரத்துக்குப் பக்கத்தில் என்றார். குழந்தை போன அன்று அவரும் என் அண்ணனும்தான் போய் வந்தார்கள். அதற்குப் பிறகும் வருடா வருடம் நவம்பர் பத்தன்று சாயங்காலம் லைப்ரரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அங்கேதான் போயிருக்கிறார். அது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் போகிறோம். நீங்கள் வர வேண்டாம்.

மங்களம்